ஆதிரை கனத்த கதை

வஞ்சிநல்லூர் மேலவீதியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மங்களாவின் ஒரே மகள் ஆதிரை, யூ.கே.ஜி. படிக்கிறவள், ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்து, பால் குடித்து, இரண்டு சடையும் பின்னிக் கிளம்பி நின்ற நிலையில், யாராலும் தூக்க முடியாதபடி கனத்துப் போனபோது, ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. எத்தனை ஆள் தேவைப்படும் என்று மட்டும்தான் கேட்டார்கள். பக்கத்து நாச்சியார்கோயிலில் கல் கருடன் சன்னதியை விட்டு நாலு பேர் தோளில் இறங்கி, கொஞ்ச தூரத்தில் எட்டுப் பேர் கேட்டு, அப்புறம் பதினாறு, அப்புறம் முப்பத்திரண்டு என்று கேட்டுக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கனம் என்பது மழை மாதிரி, வரும், போகும். வந்தால் ஆள் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மங்களாவின் வீட்டில் கடிகாரம் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை, அவள் வாயே போதும். புருஷன் செல்வகணபதி தனியார் டவுன் பஸ் டிரைவர்; அவன் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பக் கொஞ்சம் சுணங்கினால் பின்னால் வருகிற பஸ்காரன் இறங்கி வந்து சட்டையைப் பிடிப்பான். மங்களா லேப் கதவைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்தால், வெறும் வயிற்றோடு வாசலில் நிற்கிற சர்க்கரைக்காரர்களில் யாராவது ஒருவர் மயக்கமாக வருகிறது என்று படியில் உட்கார்ந்து மற்றவர்களையும் கிளப்பிவிடுவார். அதனால் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து ஒரே சொல்தான். சீக்கிரம் எந்திரி, சீக்கிரம் துப்பு, சீக்கிரம் முழுங்கு, சீக்கிரம் ஆய் போ, சீக்கிரம் சிரிச்சு முடி, ஏன், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால்கூட, சீக்கிரம் அழுது முடி. கெட்டவள் இல்லை மங்களா. மகள் மேல் உயிரையே வைத்திருந்தாள், ஆனால் அந்த உயிரை எடுத்துப் பார்க்கத்தான் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எதிர்வீட்டு வாசலில் ஒரு நாய் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அது சொறிந்து முடித்துவிட்டு அடுத்த காதுக்குப் போகுமா, போகாதா என்று ஆதிரை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "சீக்கிரம் வாடி" என்று மங்களா ஸ்கூட்டரை உதைத்தாள், "சீக்கிரம்டி" என்று ஹாரன் அடித்தாள், பிறகு தினமும் செய்வதுபோல ஓடிவந்து பலாப்பழத்தை இடுக்குகிற மாதிரி மகளைக் கக்கத்தில் இடுக்கித் தூக்கப் போனாள். வரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினாள். வரவில்லை. ஆதிரையின் காலடியில் டைல்ஸ் கல் மட்டும் மெல்லக் கீறல் விட்டது. நாய் அடுத்த காதுக்குப் போனது. ஆதிரை திருப்தியோடு திரும்பி, "நான் நடந்து வர்றேம்மா" என்றாள்.

விசித்திரம் என்னவென்றால் அவளுக்கு எந்தக் கனமும் தெரியவில்லை. குதித்தாள், நொண்டி ஆடினாள், கோலத்தின் மேல் கால் படாமல் தாண்டினாள். மற்றவர்கள் தொட்டுத் தூக்கினால்தான், கையைப் பிடித்து இழுத்தால்தான், அம்மிக்கல்லாகிப் போனாள். ஸ்கூட்டரில் தானே ஏறி உட்கார்ந்தாள். மங்களா "சீக்கிரம் பிடிச்சுக்க" என்றதும் பின்சக்கரம் படாரென்று வெடித்தது.

பக்கத்து வீட்டு சுந்தரி வந்து தூக்கிப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். டாக்டர் இரண்டு பாட்டில் டானிக் எழுதிக்கொடுத்தார். அரிசிக்கடைத் தராசில் நிறுத்தினார்கள். ஆதிரை ஏறி நின்றபோது முள் அவள் வயசுப் பிள்ளைக்கு உரிய இடத்தில் ஒழுங்காக வந்து நின்றது. கடைக்காரர், "சரி பாப்பா, சீக்கிரம் இறங்கு, மூட்டை காத்துக்கெடக்கு" என்றார். முள் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் சுற்றும் சுற்றி, உள்ளே ஸ்பிரிங் அறுந்த சத்தம் கேட்டது. அவர் அதைக் கடைவீதி முழுக்கச் சொன்னார், கேட்டவர்களும் அடுத்தவருக்குச் சொன்னார்கள், ஒருத்தருக்காவது அதில் அடங்கியிருந்த விஷயம் மண்டையில் ஏறியதா என்றால் இல்லை. எல்லோருக்கும் தராசு போனதுதான் பெரிதாகப் பட்டது.

ஊர் அவளை மெல்லத் தன் வழக்கங்களுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் சாயங்காலமானால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கிப் பார்க்க வந்தார்கள், முகம் சிவந்து திரும்பிப் போனார்கள். பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை ஒருவன் நல்ல சகுனத்துக்காக அவள் தலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். கீரை விற்கிற அம்மாள் அவள் நின்று பார்க்கிற இடமெல்லாம் நிழலாக இருக்கட்டும் என்று ஒரு சாக்கைப் பந்தல் மாதிரிக் கட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பெண் குங்குமமும் தேங்காயும் கொண்டுவந்து வாசலில் வைத்தபோது மங்களாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமியெல்லாம் இல்லங்க. என் பொண்ணு. வடை திம்பா, பொய் சொல்லுவா, மூக்கு நோண்டுவா. எடுத்துட்டுப் போங்க" என்றாள். அந்தப் பெண் தேங்காயை மட்டும் ஆதிரை கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊருக்கு இது ஒரு விசேஷம். மங்களாவுக்கு இது என்னவென்று ஒரு சாயங்காலம்தான் தெரிந்தது. ஆதிரை விளையாடிக்கொண்டிருந்தபடியே கூடத்தில் வெறுந்தரையில் தூங்கிப்போனாள். எப்போதும் போல் அள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலில் போடலாம் என்று மங்களா குனிந்தாள். கழுத்துக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை. பிள்ளையின் தலை தன் தோளில் வந்து விழுந்து, வாயோரத்து எச்சில் ரவிக்கையை நனைத்து, தூக்கத்திலேயே ஒரு கை தன் தாலிச்சரட்டைப் பிடித்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்காக அவள் உடம்பு தானாகத் தயாரானது. தரையிலிருந்து ஒரு நூல்கூட எழும்பவில்லை. தலையணையைச் செருகி, போர்வையைப் போட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொண்டு மங்களா அழுதாள். பிள்ளைக்கு ஐந்து முடியப்போகிறது. இன்னும் கொஞ்ச காலம்தான், அப்புறம் தூக்கு என்று அவளே கேட்கமாட்டாள். அந்தக் கொஞ்ச காலமும் இப்படியே போய்விட்டால், கடைசியாக என்றைக்குத் தூக்கினோம் என்று யோசித்தால், அது ஸ்கூட்டரில் திணிப்பதற்காகத் தூக்கியதாகத்தான் இருக்கும். இதை நினைத்ததும் அவளுக்கு அழுகை அடங்கவேயில்லை. வேலை முடிந்து வந்த செல்வகணபதி மறுபக்கம் தரையில் படுத்துக்கொண்டான்.

மங்களா முட்டாள் இல்லை. அவசரப்படுத்தினால் கனக்கிறாள் என்பதை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அடுத்த நாளிலிருந்து அந்தச் சொல்லை வாயால் சொல்லவில்லை. ஸ்கூட்டரை மூலையில் நிறுத்திவிட்டு மகளோடு நடந்தாள். ஆதிரை நின்றால் நின்றாள். ஆனால் நிற்கிற நேரத்தில் போனைப் பார்த்தாள், கால்விரலால் தரையைத் தட்டினாள், லேப் வாசலில் நிற்கிறவர்களை மனதுக்குள் ஒவ்வொருவராக எண்ணினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "பாரு கண்ணு, நல்லாப் பாரு, அம்மா இருக்கேன்ல" என்று அவள் சொன்ன குரலில் இருந்த அவசரம் தெருவில் போகிற மாட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். பிள்ளைக்குக் கேட்காதா? கனம் குறையவில்லை. லேப், பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலும் தாமதமானதுதான் மிச்சம்.

லேப் முதலாளி வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஸ்டெல்லா மிஸ் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, "மங்களா, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. நாளைக்கும் மணி அடிச்சப்புறம் வந்தீங்கன்னா டீசி வாங்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் கலியமூர்த்தி வந்தார். ஊர்ப் பெருமாளைத் தோளில் சுமக்கிற ஆட்களுக்கெல்லாம் தலைவர். இரண்டு தோளிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. கேட்டைத் திறக்கும்போதே கண்ணால் ஆதிரையை அளந்துகொண்டு வந்தார்.

"தங்கச்சி, இதுக்கு ஏன் கலங்குற? இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. நாலுல தொடங்குவோம், பத்தாட்டி எட்டு, அப்புறம் பதினாறு. பெருமாளையே தூக்குற தோளு, ஒரு பாப்பாவத் தூக்காதா?"

"வேண்டாண்ணே, பயந்துடுவா."

"நான் பயப்பட மாட்டேன்" என்றாள் ஆதிரை, உள்ளேயிருந்து.

மறுநாள் காலை வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு மூங்கில் தண்டில் வைத்துக் கட்டி, அதன்மேல் சீருடையில், இரண்டு சடையோடு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆதிரை உட்கார்ந்தாள். நாலு பேர் தோள் கொடுத்தார்கள், எழும்பியது. தெருவே கை தட்டியது. மங்களாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "மணியடிக்கக் கொஞ்ச நேரந்தான் இருக்கு, எட்டிப் போடுங்கப்பா" என்றார் கலியமூர்த்தி. தெருமுனை திரும்புவதற்குள் எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். அரசமரத்தடியில் பதினாறு. மூங்கிலை மாற்றித் தேக்குத் தண்டு கொண்டுவந்தார்கள், குறுக்கே இரண்டு போட்டார்கள். கடைவீதிக்குள் நுழைந்தபோது முப்பத்திரண்டு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை வழிய, ஓர் அடிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் நடுவில் உச்சியில் உட்கார்ந்து ஆதிரை மாடி வீடுகளின் ஜன்னலுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டு போனாள்.

பின்னால் பால் வண்டி நின்றது, பள்ளிக்கூட வேன்கள் பிள்ளைகளோடு நின்றன, அதற்குப் பின்னால் டவுன் பஸ் ஒன்று வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. ஓட்டி வந்தவன் செல்வகணபதிதான். முன்னால் போவது தன் பெண்தான் என்று தெரிந்தும் அவன் கை ஹாரனை விட்டு எழவில்லை, பழக்கம். "சீக்கிரம் போங்கப்பா" என்றார் பால்காரர். "சீக்கிரம் ஒதுங்குங்க" என்றார்கள் வேன்காரர்கள். பயணிகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். கடைவீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் அந்த ஒரே சொல் கிளம்பி அலைமோதியது. அது கேட்கக் கேட்க, தண்டு கிறீச்சிட்டது, முப்பத்திரண்டு பேரின் முழங்கால்களும் மடங்கின, நாற்காலி தரைக்கு வந்தது, நாற்காலியின் நாலு காலும் தார் ரோட்டுக்குள் புதைந்தன. குலுங்கிய குலுக்கலில் ஆதிரையின் இடதுகால் ஷூ கழன்று விழுந்தது.

"அறுபத்துநாலு பேரக் கூப்பிடு" என்று கத்தினார் கலியமூர்த்தி.

"இருங்கண்ணே" என்றாள் மங்களா.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் நின்றார்.

"கருடன் ஏண்ணே கனக்குறாரு?"

"என்ன தங்கச்சி இப்பப் போயி?"

"சொல்லுங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து கேட்ட கதைதானே."

கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். "தாயார் அன்னத்து மேல முன்னாடி போறாங்க. அன்ன நடை மெதுவா இருக்கும். கருடன் வேகக்காரரு, விட்டாப் பறந்துருவாரு. அம்மாவ முந்திறக் கூடாதுன்னுட்டு, தன்னைத்தானே கனக்கப் பண்ணிக்கிட்டு, பின்னாடியே..." அவர் பாதியில் நிறுத்தினார். தோளில் காய்ப்புக் காய்க்கும் அளவுக்குத் தூக்கின மனுஷன், எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எதற்காக என்பதைத் தவறவிட்டிருந்தார்; அவர் மட்டுமா, அந்தக் கதையைத் தாலாட்டோடு கேட்ட மொத்த ஊரும்தான்.

"கூட நடக்கத்தாண்ணே கனக்குறது. ஆளக் கூட்டித் தூக்கிட்டு ஓடுறதுக்கு இல்ல" என்றாள் மங்களா. அப்புறம், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல், லேப்புக்குக் கட்டிப்போகும் இஸ்திரி போட்ட புடவையோடு நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போன் கைப்பையில் கத்தியது. முதலாளியாக இருக்கும். கைப்பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். மணி அடிக்கப் போகிறது, அடிக்கட்டும். டீசி கொடுப்பார்கள், கொடுக்கட்டும். அவளுக்குள் விடிந்தால் ஓடத் தொடங்கிப் படுக்கும்வரை ஓடிக்கொண்டே இருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆதிரை நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். கழன்ற ஷூவை எடுத்துவந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நானே போட்டுக்கவா?"

"போட்டுக்க."

"நீ போட்டுவிட மாட்டியே?"

"மாட்டேன்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்டி."

ஆதிரை இதுவரை தன் ஷூவைத் தானே மாட்டிக்கொண்டதில்லை; யாரும் விட்டதில்லை. முதலில் காலை நுழைத்தாள். குதிகால் பின்பக்கத்தை மிதித்து மடக்கியது. எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தாள். விரலைக் கொடுத்து நெம்பினாள். கால் உள்ளே போனது. அப்புறம் வார். வாரைக் கொக்கிக்குள் விட்டாள், அது முறுக்கிக்கொண்டது, வெளியே எடுத்தாள், நாக்கை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு மறுபடி விட்டாள். பால்காரர் வண்டியை விட்டு இறங்கி, என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் யாரோ ஒருவர் "என்னதான்யா ஆச்சு?" என்று கேட்க, முன்சீட்டுக்காரர், "ஷூ மாட்டுது பாப்பா, சும்மா இருங்க" என்று அதட்டினார். ஹாரன் நின்றது. அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்த செல்வகணபதி, இத்தனை வருஷ சர்வீஸில் முதல்முறையாக இன்ஜினை நடுவழியில் அணைத்திருந்தான். வேன்களின் கதவு திறந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து சுற்றி நின்றன. கடைவீதி அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் பால் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அந்த ஓட்டை இல்ல பாப்பா, அடுத்தது" என்று தாங்கமாட்டாமல் சொன்னார் கலியமூர்த்தி.

"சொல்லாதீங்கண்ணே, அவளே பாத்துக்குவா" என்றாள் மங்களா. அதைச் சொல்லும்போது அவள் கை மடியில் சும்மா கிடந்தது. பல்லைக் கடிக்கவில்லை. அந்தச் சின்ன விரல்கள் எவ்வளவு சாமர்த்தியமானவை, கட்டைவிரல் எப்படி வாரை அழுத்திப் பிடிக்கிறது, ஆட்காட்டி விரல் எப்படிக் கொக்கியின் கம்பியைத் தேடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் இவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று ஆச்சரியமாக இருந்தது. பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

கம்பி ஓட்டைக்குள் போனது. ஆதிரை நிமிர்ந்தாள். "போட்டுட்டேன்!"

எழுந்த சத்தத்தில் அரசமரத்துக் காக்கைகள் எல்லாம் கலைந்தன. முப்பத்திரண்டு பேரும் தண்டைக் கீழே போட்டுவிட்டுக் கருடசேவைக்குக் கத்துகிற மாதிரி கத்தினார்கள், பஸ்ஸுக்குள் விசில் பறந்தது, டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடிவந்தார், பால்காரர் தான் ஒன்றும் அழவில்லை என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வகணபதி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மலை ஏறியிருப்பார்கள். வஞ்சிநல்லூர் கடைவீதி தன் ஆயுளில் பார்த்த பெரிய ஜெயம் அதுதான்.

அந்த வாரமே ஊரில் மற்றப் பிள்ளைகளும் தெருத்தெருவாகக் கனக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் அறுபத்துநாலு பேரைத் தேடவில்லை. அந்தந்த வீட்டுக்காரர்கள் அங்கங்கே கீழே உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். லேப்பை முதலாளியே எழுந்து வந்து திறக்க வேண்டியதாயிற்று, திறந்தார். சர்க்கரைக்காரர்கள் யாரும் சாகவில்லை. பஸ் முதலாளிகள் கூடிப் பேசிக் காலை டிரிப்புக்குக் கொஞ்சம் தாராளமாக நேரம் விட்டார்கள். ஸ்டெல்லா மிஸ் பள்ளிக்கூட மணியைக் கடைசிப் பிள்ளை உள்ளே வந்த பிறகு அடிக்கிற வழக்கத்தை உண்டாக்கினார், அதில் படிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு அந்த ஆரவாரத்தின் நடுவில் ஆதிரை எழுந்து நின்று பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ஷூவை ஒருதரம் தரையில் குத்திப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

"தூக்கும்மா."

முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மங்களா ஒரு கணம் தயங்கினாள். கலியமூர்த்தி கை உயர்த்த, கூட்டத்தின் ஆரவாரம் அடங்கியது. மங்களா முட்டிபோட்டு, மகளின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, எழுந்தாள்.

வந்தாள். எந்தத் தடையும் இல்லாமல், ஓர் ஐந்து வயசுப் பிள்ளை என்ன கனம் கனக்க வேண்டுமோ அந்தக் கனத்தோடு, வெதுவெதுப்பாக, தேங்காயெண்ணெய் வாசனையோடு, ஷூ மண் புடவையில் படிய, இரண்டு காலையும் அம்மா இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டு, தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். மங்களா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

"போலாமா?" என்று கேட்டாள், கொஞ்ச நேரம் கழித்து.

"ம். அந்தப் பூக்கடை வழியா."

அது சுற்றுவழி. மங்களா அந்த வழியிலேயே நடந்தாள், ஒவ்வோர் அடியையும் ருசித்து வைத்து. முப்பத்திரண்டு பேரும் வெறுந்தோளோடு பின்னால் வந்தார்கள், வேன் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் செல்வகணபதியின் பஸ் முதல் கியரில், ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஸ்டெல்லா மிஸ் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போனார்கள், வகுப்பறை வாசல் வந்தது, பெஞ்சும் வந்தது. மங்களா இன்னும் அவளை இறக்கிவிடவில்லை.